எட்டு மணி நேரம் யாருடையது? உட்லண்ட்ஸ் குடும்பம் ஒன்றின் திரைநேரக் கணக்கு

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் ஒரு நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, ஐந்து பேர். அப்பா தனியார் வாடகை கார் ஓட்டுகிறார். அம்மாவுக்கு ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. மகள் உயர்நிலை இரண்டு, மகன் தொடக்கநிலை மூன்று. அப்பாவைப் பெற்ற பாட்டியும் கூடவே இருக்கிறார். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வந்ததிலிருந்து அம்மா வேலை முடிந்து வரும்வரை வீடு அவர் பொறுப்பு. பெயர்களை எழுதமாட்டேன் என்று சொல்லித்தான் சம்மதம் வாங்கினேன்.

மகனுடைய பள்ளியின் பெற்றோர் ஆதரவுக் குழுவில் நான் தொண்டூழியர். அந்த வழியில்தான் அம்மா என்னிடம் வந்தார். காரணம் ஒரு சண்டை. ஐபோன் வாரம் ஒருமுறை அனுப்பும் திரைநேர அறிக்கை அம்மாவின் போனில் எட்டிப்பார்த்த நேரம், அப்பாவும் பக்கத்தில் இருந்திருக்கிறார். நாள் சராசரி 7 மணி 52 நிமிடம். பிள்ளைகளை நாள் முழுக்கக் கண்டிக்கிறவள் தானே எட்டு மணி நேரம் போனைப் பார்க்கிறாள் என்று அவர் கேட்க, அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

“அக்கா, எட்டரைக்கு ஆபீஸ்ல உட்கார்ந்தா ஆறு மணிக்குத்தான் எந்திரிக்கிறேன். எட்டு மணி நேரம் நான் எங்க போய் பாக்குறது?” என்றார் என்னிடம். நியாயமான கேள்வி. சரி, நீங்களாக நினைப்பது எவ்வளவு என்று கேட்டேன். யோசித்துவிட்டு, மூணு மணி நேரம் இருக்கும் என்றார்.

இப்படி நாம் நினைப்பதை நம்ப முடியாது என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. 2015இல் பிளோஸ் ஒன் இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வில், 23 இளையர்களின் போனை இரண்டு வாரம் கண்காணித்தார்கள். நாளுக்கு ஏறக்குறைய 85 முறை போனை எடுத்திருந்தார்கள். அவர்களாகச் சொன்னது அதில் பாதிகூட இல்லை. எடுத்த தடவைகளில் பாதிக்கு மேல் அரை நிமிடத்துக்குள் முடிந்தவை. அப்படிப்பட்டவை நினைவில் எப்படி நிற்கும்? 2021இல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் வெளியான தொகுப்பாய்வு இன்னும் பெரியது. பல ஆய்வுகளிலிருந்து 106 அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்து, மக்கள் சொல்லும் நேரமும் கருவி பதிந்த நேரமும் ஓரளவுக்குத்தான் ஒத்துப்போகின்றன என்று சொன்னது.

அதனால் அம்மா குறைத்துச் சொல்கிறார் என்ற முடிவுக்கு யாரும் சுலபமாக வந்துவிடலாம். அப்பா அந்த முடிவுக்கே வந்திருந்தார். ஆனால் மூன்றுக்கும் எட்டுக்கும் இடையே ஐந்து மணி நேரம் கிடக்கிறது. முழுநேர வேலை பார்க்கும் ஒருவரால் அவ்வளவு நேரத்தை மறந்திருக்க முடியுமா? எனக்கு அது இடித்தது.

கருவி எதை எண்ணுகிறது

கைபேசியே கணக்கு வைத்துக்கொள்ளும் வசதி 2018இல்தான் வந்தது. ஆப்பிள் அதை ஐஓஎஸ் 12இல் சேர்த்தது. கூகுளும் அதே ஆண்டு ஆண்ட்ராய்டுக்கு டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பெயரில் கொண்டுவந்தது. இரண்டும் எண்ணுவது ஏறக்குறைய ஒன்றைத்தான்: எந்தச் செயலி திரையில் எவ்வளவு நேரம் திறந்திருந்தது. நீங்கள் அதைப் பார்த்தீர்களா, பக்கத்தில் வைத்துவிட்டுச் சமைத்தீர்களா என்பது அதற்குத் தெரியாது. விரல் யாருடையது என்பதும் தெரியாது.

விஷயம் அந்த விரலில்தான் இருந்தது. ஐபோனின் திரைநேரப் பக்கத்தில் ‘எல்லாச் சாதனங்களிலும் பகிர்’ என்ற பொருளில் ஒரு பொத்தான் உண்டு. அது பச்சையாக இருந்தால், ஒரே ஆப்பிள் கணக்கில் இருக்கும் எல்லாச் சாதனங்களின் நேரமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அம்மாவின் கணக்கில் ஒரு ஐபேடும் இருந்தது. வாங்கியபோது அவசரத்துக்குத் தன் கணக்கையே போட்டுக் கொடுத்திருக்கிறார். ஐபேட் இருப்பது மகனிடம்.

சாதனம் வாரியாகப் பிரித்துப் பார்த்தோம். போன் 4 மணி 5 நிமிடம், ஐபேட் 3 மணி 47 நிமிடம். கூட்டினால் 7 மணி 52 சரியாக வந்தது. அப்பா திரையை இரண்டு முறை தேய்த்துப் பார்த்தார், பிறகு ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடிக்கப் போனார்.

அம்மாவுக்கு இதில் பாதி வெற்றிதான். நான்கு மணி நேரம் அவருடையதே, சொன்னதைவிட ஒரு மணி அதிகம்.

அப்புறம் அப்பாவின் போனை எடுத்தோம். ஆண்ட்ராய்டு. நாளுக்கு 11 மணி 40 நிமிடம்! அறையில் எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. “என் வேலையே திரைதானே அக்கா” என்றார். அதுவும் உண்மை. காரின் பிடிப்பானில் போன் காலையிலிருந்து எரிந்துகொண்டே இருக்கும். சவாரி வாங்கும் செயலியும் வரைபடமும் மாறி மாறித் திறந்திருக்கும். (சிங்கப்பூரில் வண்டி ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது குற்றம். 2015 பிப்ரவரியிலிருந்து டேப்லட் போன்ற மற்றக் கருவிகளுக்கும் அது பொருந்தும். பிடிப்பானில் இருந்தால் பரவாயில்லை.) அந்த இரண்டு செயலிகளும் 9 மணி 25 நிமிடம். அவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 2 மணி 15 நிமிடம். அதில் பெரும்பகுதி குறுங்காணொளி.

மொத்த நேரம் என்பது வீட்டுக்கு வரும் எஸ்பி மின்கட்டண பில் மாதிரி. தொகை கூடினால் வயிறு எரியும், ஆனால் குளிர்சாதனமா குளிர்பதனப் பெட்டியா என்று அந்தத் தொகை சொல்லாது. இந்த வீட்டில் ஆளுக்கு ஒரு மொத்தத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறார்கள். அப்பாவின் எண்ணை அம்மா முதலில் பார்த்திருந்தால் சண்டை எதிர்த் திசையில் நடந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மகளின் போன் 2 மணி 30 நிமிடம்தான் காட்டியது. வீட்டில் நல்ல பிள்ளை அவள்தான் என்று பாட்டி உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆனால் 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும், இடைவேளையிலும் இணைப்பாட நடவடிக்கையிலும்கூட, திறன்பேசியும் திறன்கடிகாரமும் பயன்படுத்தக் கூடாது. அவளுடைய மணிவாரிப் படத்தில் காலை ஏழரையிலிருந்து பள்ளி விடும்வரை ஒரு கோடுகூட இல்லை. பேருந்து ஏறியதும் கோடு மளமளவென்று மேலே போகிறது. எண் குறைவாக இருந்ததில் பள்ளியின் விதிக்கும் பங்கு உண்டு. பள்ளி வழியாக வாங்கிய கற்றல் கருவியான மடிக்கணினி போன் கணக்கில் வரவே இல்லை.

தொலைக்காட்சியும் எந்தக் கணக்கிலும் இல்லை. அதைப் பிடிக்க ஒரு குறுக்குவழி இருந்தது. யூடியூப் செயலியிலேயே ‘பார்த்த நேரம்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஒரு கூகுள் கணக்கில் எந்தக் கருவியில் பார்த்தாலும், தொலைக்காட்சியில் பார்த்தாலும், பார்த்த வரலாறு பதிவாகும்வரை அதில் சேரும். அம்மாவின் கணக்கில் நாளுக்கு நாலரை மணி நேரம் இருந்தது. ஐபேடிலும் அம்மாவின் போனிலும் போன யூடியூப் நேரத்தைக் கழித்தால் ஒரு மணிக்குக் கொஞ்சம் மேல் மீதி. அதுதான் தொலைக்காட்சி. வரலாற்றைத் திறந்தால் காலையில் பாட்டியின் பக்திப் பாடல், மதியம் மைன்கிராஃப்ட், மாலையில் பழைய சீரியல் என்று வரிசையாக வருகிறது. யூடியூப் அம்மாவுக்குப் பரிந்துரைப்பதைப் பார்த்தால் அவருக்கு ஒன்பது வயதா எழுபதா என்றே தெரியாது.

பூட்டு

இடையில் அப்பா தானாக ஒன்று செய்தார். அம்மாவின் சம்மதத்தோடு அவர் போனில் சமூகச் செயலிகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேர வரம்பு போட்டு, கடவு எண்ணைத் தானே வைத்துக்கொண்டார். கடவு எண் போடாவிட்டால் ‘இன்றைக்கு வரம்பை விட்டுவிடு’ என்று ஒரு தட்டுத் தட்டித் தாண்டிவிடலாம் என்று எங்கோ படித்திருக்கிறார், படித்தது சரிதான். மூன்றாம் நாள் மதியம் அலுவலகக் குழுவில் மாதக் கணக்கு முடிப்பது பற்றி ஏதோ அவசரம். அந்த வகைக்குள் வாட்ஸ்அப்பும் அடக்கம் என்பதை இரண்டு பேரும் யோசிக்கவில்லை. அம்மா புருஷனை அழைத்துக் கடவு எண் கேட்க வேண்டியிருந்தது, அதுவும் மேலாளர் பக்கத்தில் நிற்கும்போது. அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை.

அன்று இரவே வரம்பு போய்விட்டது. ஒரு பெரியவர் இன்னொரு பெரியவரின் போனுக்குச் சாவி வைத்திருப்பது நல்ல ஏற்பாடு என்று எனக்கு எப்போதும் தோன்றியதில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது வேறு விஷயம்.

கட்டம் போட்ட தாள்

மொத்தத்தை விட்டுவிட்டு மணியைப் பார்க்கலாம் என்றேன். இரண்டு கருவிகளும் நாளின் ஒவ்வொரு மணிக்கும் எத்தனை நிமிடம் என்று காட்டும். பெரும்பாலானவர்கள் அந்தப் படத்தைத் தொடுவதே இல்லை. அம்மாவின் ஒரு செவ்வாய்க்கிழமை, போன் மட்டும்: காலை ஆறு மணியில் 6 நிமிடம், ஏழில் 24, எட்டில் 17. அது ரயில், உட்லண்ட்ஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் ஏறக்குறைய முக்கால் மணிப் பயணம். மதியம்வரை அங்கொன்றும் இங்கொன்றுமாக 8. சாப்பாட்டு வேளையில் 22. மாலை ஆறில் 31, மறுபடியும் ரயில். ஏழிலும் எட்டிலும் 4, 5. ஒன்பதில் 19. பத்தில் 51, பதினொன்றில் 54.

நான்கு மணி நேரத்தில் ஒன்றே முக்கால் மணி அந்தக் கடைசி இரண்டு மணியில் இருக்கிறது. ரயிலில் பார்ப்பதைக் குறைக்கச் சொல்வதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. நெரிசலில் நின்றுகொண்டு வேறென்ன செய்வது? ஆனால் மறுநாள் ஐந்தே முக்காலுக்கு எழ வேண்டியவர் நள்ளிரவுவரை ஏன் விழித்திருக்கிறார்?

ஐபோன் இன்னொன்றும் காட்டும்: நாளுக்கு எத்தனை முறை போனைக் கையில் எடுத்தீர்கள், எடுத்ததும் முதலில் திறந்தது எது. அம்மாவுக்குத் தொண்ணூறைத் தாண்டியது. முதலில் திறந்தது எப்போதுமே வாட்ஸ்அப்தான். இரவு பத்து மணிக்கு மேல் எடுத்த தடவைகள் மிகக் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் நீளம். பகலில் போன் அவரைக் கூப்பிடுகிறது. இரவில் அவரே போகிறார்.

எல்லோருக்கும் ஒரு பெரிய தாளில் ஆளுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு 24 கட்டம் போட்டோம். ஒரு மணியில் அரை மணிக்கு மேல் திரை என்றால் அந்தக் கட்டத்துக்கு வண்ணம். கருவி சொல்லாததை, அதாவது மகளின் மடிக்கணினியையும் தொலைக்காட்சியையும், அவரவரே ஒரு வாரம் எழுதினார்கள். மகள் ஒரு படி மேலே போய் பாடம், பேச்சு, பொழுதுபோக்கு என்று மூன்று வண்ணம் வைத்துக்கொண்டாள். இரண்டாம் நாளே என்னைக் கேட்டாள்: “ஆண்ட்டி, ஸ்டடி வித் மீ வீடியோவை எதுல போடறது?” யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து மௌனமாகப் படிப்பதைத் திரையின் ஒரு மூலையில் ஓடவிட்டு, இன்னொரு பக்கத்தில் இவள் வீட்டுப்பாடம் செய்கிறாள். எனக்கும் பதில் தெரியவில்லை. நான்காவது வண்ணம் ஒன்று கொடுத்தோம். வார முடிவில் அந்த வண்ணம்தான் அதிகம் இருந்தது.

தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்தபோது யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பகலில் வரிசைகள் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. பத்து, பதினொன்று கட்டங்களில் மட்டும் அம்மாவுக்கும் மகளுக்கும் அப்பாவுக்கும் வண்ணம் மேலிருந்து கீழாக நேராக இறங்கியது.

காரணத்தைச் சொன்னது மகள். அப்பா வீட்டுக்கு வர பத்தே முக்கால் ஆகிவிடும். அவர் வந்து சாப்பிடும்வரை அம்மா விழித்திருக்கிறார், கையில் போன். வந்தபிறகு அவர் சாப்பிட்டுக்கொண்டே போனைப் பார்க்கிறார், இவர் தன் போனைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருக்கிறார். கூடத்தில் விளக்கு எரிகிறவரை தனக்கு மட்டும் என்ன தூக்கம் என்று அவளும் மடிக்கணினியை மூடுவதில்லை.

அதன்பிறகு அப்பா தன் வரிசையையே கொஞ்ச நேரம் பார்த்தார். இரவு ஒன்பது மணிக் கட்டத்தில் குறுங்காணொளி மட்டும் நாற்பது நிமிடத்துக்கு மேல். ஓட்டிக்கொண்டிருந்தால் அது வர முடியாது. சவாரிக்காகக் காத்துக் கிடந்திருக்கிறார். தன் சவாரிப் பதிவைத் திறந்து அந்த வாரத்தின் இரவுகளைப் பார்த்தார். ஒன்பதுக்குமேல் ஒன்று, இரண்டு, சில நாள் எதுவுமே இல்லை. மாலை உச்சநேரத்தில் வரும் காசுதான் காசு. அதற்குப் பிந்தைய நேரம் வெறும் பழக்கத்தில் வெளியே இருந்த நேரம். காணொளி ஓடிய நேரத்தை வைத்து ஒரு வாகன ஓட்டுநர் தன் வருமானத்தில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

மாறியதும் மாறாததும்

வாரநாள்களில் காலை ஐந்தரைக்கே கிளம்பி, இரவு ஒன்பதுக்கு வீடு திரும்புவது என்று அப்பா முடிவு செய்தார். எந்தச் செயலிக்கும் புதிதாகப் பூட்டுப் போடவில்லை. நான்கு வாரம் கழித்து அம்மாவின் போன் சராசரி 3 மணி 20 நிமிடம். பதினொரு மணிக் கட்டம் வாரத்தில் நான்கு நாள் காலியாக இருக்கிறது. ரயில் நேரம் அப்படியேதான் இருக்கிறது. அப்பாவின் மொத்தம் இன்னும் பத்துக்கு மேல், அதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

மகன் விஷயம் தனி. சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் புதுப்பித்த வழிகாட்டியில், 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிப்பாடம் தவிர்த்து நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் என்றிருக்கிறது. 18 மாதம் முதல் 6 வயதுவரை, பள்ளிக்கு வெளியே ஒரு மணிக்கும் குறைவு. உறங்கப்போவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் திரையே வேண்டாம். பையனுக்கு ஆப்பிளின் குடும்பப் பகிர்வு வசதியில் தனிச் சிறுவர் கணக்கு உருவாக்கி ஐபேடை அதற்கு மாற்றினோம். வரம்பும் கடவு எண்ணும் அங்கே போட்டோம். எளிதாக இருக்கும் என்று நினைத்தது இதுதான், கடினமாக இருந்ததும் இதுதான். இரண்டு மணியிலிருந்து ஐந்துவரை அவனை வைத்துச் சமாளிப்பது பாட்டி. “அது இல்லன்னா சாப்பிட உட்கார மாட்டேங்கிறான்மா, நான் என்ன பண்ணட்டும்” என்று என்னிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். கேட்டதில் தப்பில்லை. அந்த மூன்று மணி நேரத்துக்கு வேறு ஏற்பாடு செய்யாமல் ஐபேடை மட்டும் பிடுங்கினால், பாரம் முழுவதும் எழுபது வயது முட்டியில்தான் இறங்கும்.

வாரத்தில் இரண்டு நாள் பள்ளி முடிந்து அங்கேயே இருந்து கூடைப்பந்து விளையாடச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு நாள் புளோக்கின் கீழே உள்ள விளையாட்டிடத்துக்கு மகள் அழைத்துப் போகிறாள், அதற்கு வாரம் ஐந்து வெள்ளி கூலி பேசியிருக்கிறாள். பையனின் ஐபேட் இப்போது சராசரி 1 மணி 50 நிமிடம். தொலைக்காட்சி கொஞ்சம் கூடியிருக்கிறது என்று எனக்குச் சந்தேகம், பாட்டி இல்லை என்கிறார்.

மகளின் போன் 2 மணி 40 நிமிடம், பத்து நிமிடம் கூடியிருக்கிறது. அவள் மடிக்கணினியில்தான் ஒரு மாற்றம். பள்ளிக் கருவிகளில் இருக்கும் நிர்வாகச் செயலி, அதன் இயல்பு அமைப்பில், 2026 ஜனவரியிலிருந்து இரவு பத்தரைக்குக் கருவியை உறங்க வைத்துவிடும். முன்பு அது பதினொன்றாக இருந்தது. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகு அந்தக் கட்டுப்பாடு எப்படி இருக்க வேண்டும் என்று பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம்: இயல்பாகவே விடலாம், தாங்களே மாற்றி அமைக்கலாம், முழுக்க நிறுத்தியும் விடலாம். உயர்நிலை ஒன்றில் சேர்ந்தபோது வந்த படிவத்தில் இவர்கள் நிறுத்தச் சொல்லிக் குறியிட்டிருக்கிறார்கள். குறியிட்டது யார் என்று இருவருக்கும் நினைவில்லை. இப்போது இயல்பு அமைப்புக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தாகிவிட்டது. மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், பிறகு வீட்டுப்பாடத்தை மாலையிலேயே தொடங்கினாள். அதற்கு ஸ்டடி வித் மீ உதவுவதாக அவள் சொல்கிறாள்.

இந்தக் கணக்கில் சில விஷயங்கள் அடங்கவில்லை. தூக்கத்தை நாங்கள் அளக்கவில்லை. பதினொரு மணிக் கட்டம் காலியாக இருப்பதால் அம்மா தூங்கினார் என்று சொல்லிவிட முடியாது. மார்ச் விடுமுறை வாரத்தில் எல்லோருடைய எண்ணும் ஏறியது, அந்த வாரத்தை ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே மனிதர்கள் கொஞ்சம் ஒழுங்காக நடந்துகொள்வார்கள், நான்கு வாரத்தில் கண்ட மாற்றத்தில் அதுவும் கலந்திருக்கும். பாட்டியின் போனை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். அதில் இருப்பது பெரும்பாலும் ஊரில் உள்ள தங்கையோடு காணொளி அழைப்பு. அதைக் குறைக்கச் சொல்ல யாருக்கும் மனமில்லை, எனக்கும்.

ஜூன் விடுமுறையில் மறுபடியும் ஒரு வாரம் தாளை விரிப்பதாக இருக்கிறோம். தொலைக்காட்சிக்கு அப்போது தனி வரிசை. யூடியூபில் பாட்டிக்கென்று ஒரு கணக்கும் அதற்குள் திறந்துவிட வேண்டும், அதை மகள் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள்.